கோந்து டப்பா: மாணவர் இதழ் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், கல்லூரியில் இதழ் நடத்துகிற பிள்ளைகள் கேள்வி அனுப்பலாம் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் குரல் பதிவு என்று வந்து குவிந்துவிட்டது. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் எழுத்தாளன் இல்லை. முப்பது வருடம் ஒரு வாரப் பத்திரிகையில் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட். கம்ப்யூட்டர் மேஜைக்கு வரும்வரை, எழுத்து பதிந்த புகைப்படத் தாளான பிரோமைடைக் கத்தரித்து அட்டையில் ஒட்டிய கூட்டத்தைச் சேர்ந்தவன். அதற்கும் முன்னால், 1982-ல், மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய ஐந்து பேரில் ஒருவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு மேஜைகளில் கற்றதுதான்.

*

ஐயா, எங்கள் கல்லூரியில் கலை இலக்கிய இதழ்க் குழுவில் சேர்ந்தேன். எனக்குக் கவிதை வராது, படமும் வராது. பிழை திருத்தச் சொல்லிவிட்டார்கள். எடுபிடி வேலை மாதிரி இருக்கிறது. விலகிவிடலாமா?
– வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

விலகாதே அம்மா. எங்கள் இரண்டாவது இதழில் ‘முதல்வர் உரை’ என்பதை ‘முதல்வர் உறை’ என்று எழுதிவிட்டோம். அதுவும் கொட்டை எழுத்தில், சிவப்பு மசியில், சுற்றிலும் கொடி வேலைப்பாட்டோடு. உள்ளே இருந்த வரிகளை மூன்று பேர் மூன்று தடவை படித்திருந்தோம். தலைப்பை ஒருவரும் படிக்கவில்லை. முதல்வர் நல்ல மனிதர். “உறை வந்துவிட்டது, கடிதம் எங்கேப்பா?” என்று மட்டும் கேட்டார்.

தலைப்பு, ஆட்களின் பெயர், படத்துக்குக் கீழே போடும் வரி, பொருளடக்கத்தில் வரும் பக்க எண். பிழை குடியிருப்பது பெரும்பாலும் இந்த நாலு இடத்தில்தான். முதலில் அங்கே போ. பழைய அச்சகங்களில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் மூலப்படியை உரக்க வாசிக்க, இன்னொருவர் புரூஃபில் விரல் வைத்துக்கொண்டே போவார். “மூணு சுழி”, “ரெண்டு சுழி”, “பெரிய ற” என்று சொல்லிக்கொண்டே வாசிப்பார்கள், காதுக்கு எல்லாம் ஒரே மாதிரி விழும் என்பதால். நீயும் ஒரு தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

இன்னொன்று. உங்கள் ஊர்ப் பையன் கதையில் ஒரு பாட்டி “வந்தாவ” என்று சொன்னால், அதை “வந்தார்கள்” என்று திருத்திவிடாதே. அது பிழை இல்லை, பாட்டி. எதைத் தொடக்கூடாது என்று தெரிவதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்யும்போது நிறம் மாறும் அந்தக் கடைசிச் சொட்டுக்குக் கண் காத்திருக்குமே, அந்தக் கண் போதும்.

*

என்னை இதழாசிரியராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என் அறைத்தோழன் எட்டுக் கவிதை கொடுத்திருக்கிறான். எல்லாமே ‘நீ நிலா, நான் வானம்’ ரகம். மறுத்தால் நட்பு போய்விடும். ‘பக்கம் இல்லை’ என்று சொல்லித் தப்பிக்கலாமா?
– மூன்றாம் ஆண்டு மாணவன், கோயம்புத்தூர்

தப்பிக்க முடியாது தம்பி. இதழ் வந்ததும் அவன் புரட்டுவான். எங்கேயாவது அரைப் பக்கம் காலியாக விட்டு ஒரு பூ வரைந்திருப்பீர்கள். மாட்டிக்கொள்வாய்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் நான் இதைவிட மோசமாகச் செய்தேன். எங்கள் குழுவில் என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் படி எடுக்கும் வேலை என் தலையில். மூன்றாவது இதழுக்கு ஒரு நண்பன் கதை கொடுத்தான். அப்பாவும் மகனும் வண்டிமாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்கிற கதை. நாலு பக்கம் ஒதுக்கியிருந்தோம். நாலாவது பக்கத்தின் அடிக்கு வந்து பார்த்தால் இன்னும் ஒரு பத்தி பாக்கி. அடுத்த பக்கத்தில் எங்கள் ஓவியர் ஏற்கெனவே தேர் ஒன்றை வரைந்து முடித்திருந்தார், மூன்று ராத்திரி வேலை. மணி பதினொன்று. மறுநாள் பைண்டரிடம் கொடுத்தாக வேண்டும். மாடுதான் விற்றாயிற்றே, இனி என்ன இருக்கிறது என்று நானே தீர்மானித்து ‘முற்றும்’ போட்டுவிட்டேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தது மூன்று அறை தள்ளி. எழுப்பிக் கேட்கத் தோன்றவில்லை என்று சொல்வது பொய். தோன்றியது. எழுப்பவில்லை.

விட்டுப்போன பத்தியில் அந்தப் பையன் வீட்டுக்கு வருகிறான். தொழுவம் வெறுமையாக இருக்கிறது. பழக்கதோஷத்தில் தொட்டியில் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறான். கதையே அதுதான். ஒரு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. மெஸ்ஸில் எனக்கு எதிரில்தான் உட்காருவான். சாம்பார் வாளியை என் பக்கம் நகர்த்துவான், அவ்வளவுதான்.

ஆகவே உன் தோழனிடம் முகத்தைப் பார்த்துச் சொல். குறுஞ்செய்தி வேண்டாம். டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போ, எட்டுக் கவிதையும் கையில் இருக்கட்டும். எட்டில் ஒரு வரியாவது தேறும், அதைப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டு. “இது உன்னுடையது, மற்றதெல்லாம் சினிமாவிலிருந்து வந்தது” என்று சொல். அவன் வீட்டில் என்ன தொழில், ஊரில் பஸ் எங்கே நிற்கும், அதை எழுதச் சொல். எழுதிவர ஒரு தேதியும் கொடு. தேதி கொடுக்காத மறுப்பைத்தான் யாரும் மன்னிப்பதில்லை.

அப்புறம், அடுத்த தடவை பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். குழுவில் ஒருவர் மட்டும் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொள்ளட்டும், மற்றவர்களுக்கு எண் மட்டும் தெரியட்டும். உன் கவிதையையும் அந்தக் கட்டுக்குள் போடு. எங்கள் முதல் இதழில் ஆசிரியர் குழு ஐந்து பேருடைய படைப்பும் இருந்தது. வெளியாட்களுடையது மூன்று. எங்கள் லட்சணம் அவ்வளவுதான்.

*

என் மகன் பொறியியல் படிக்கிறான். பத்திரிகை, கவிதை என்று ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறான். மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஓர் அம்மா, சேலம்

இதழ் வேலை வருடம் முழுக்க இருக்காதம்மா. அச்சுக்குப் போகும் முன் மூன்று வாரம்தான் தலைகீழாக நிற்பார்கள். அந்த மூன்று வாரம் பரீட்சையோடு மோதுகிறதா என்று மட்டும் கேளுங்கள். மோதினால் தேதியை மாற்றச் சொல்லுங்கள், குழுவில் எல்லாருக்கும் அதே பரீட்சைதான். மோதவில்லை என்றால், எட்டு மணிக்கு வருகிறவனுக்குத் தோசை சூடாக இருக்கட்டும்.

*

குழுவில் நான் மட்டும்தான் ஓவியம் வரைகிறேன். கவிஞர்கள் கடைசி நாளில் வந்து “இங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது, ஒரு பெண் முகம் வரைந்து கொடு” என்கிறார்கள். வெறுப்பாக இருக்கிறது, அங்கிள்.
– மாணவி, தஞ்சாவூர்

அங்கிளுக்கும் அந்த வெறுப்பு முப்பது வருடம் இருந்தது. வாரப் பத்திரிகையில் நான் வரைந்த பெண் முகங்களை வரிசையாக நிற்க வைத்தால் மாட்டுத்தாவணி வரை போகும்.

கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைத் தேடிப் பார். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். சிறுபத்திரிகைகளுக்கு வரைந்தார். பிற்பாடு ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதியபோது அதற்கும் அவர்தான் வரைந்தார். கதையில் வருகிற ஆளை அப்படியே படத்தில் திருப்பிச் சொல்கிற வேலை அங்கே கிடையாது. அந்தக் கோடு தனியாக நிற்கும். தமிழ் எழுத்துகளையும் அவர் படம் போலவே வரைவார். உங்கள் இதழின் பெயரைக் கம்ப்யூட்டர் எழுத்துருவில் போடாமல் நீயே கையால் எழுதிக் கொடு. அடுத்த இதழிலிருந்து யாரும் உன்னிடம் கடைசி நாளில் வரமாட்டார்கள்.

அப்படியும் வந்தால் ஒரு வேலை செய். இரண்டு பக்கத்தை முதல் கூட்டத்திலேயே உன் பெயரில் எழுதி வாங்கிக்கொள். நீ முதலில் வரை. கவிஞர்கள் அதைப் பார்த்து எழுதட்டும். அவர்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே!

*

மாணவர் இதழுக்கு நான் ஒருங்கிணைப்பாளர். 64 பக்கம் திட்டமிட்டோம். அதில் நிர்வாகத்தினர் வாழ்த்தும் புகைப்படமுமே 11 பக்கம். வண்ணப் பக்கம் போட்டால் அச்சகத்தார் சொல்லும் தொகை கட்டுப்படியாகவில்லை. என்ன செய்யலாம்?
– தமிழ்த்துறை ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

ஐயா, சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

ஒரு டெம்மி தாளை எடுத்து மூன்று முறை மடியுங்கள். 16 பக்கம் வரும். இதைத்தான் ஒரு பாரம் என்கிறோம். மடித்தபடியே ஓரத்தில் பக்க எண் போட்டுவிட்டு விரித்துப் பாருங்கள். 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய எட்டும் தாளின் ஒரு முகத்தில் இருக்கும். மீதி எட்டும் மறுமுகத்தில். ஒரு முகத்தை அச்சடிக்க வண்ணத்துக்கு நாலு பிளேட் (அச்சுத் தகடு), கறுப்புக்கு ஒரு பிளேட். வண்ணப் படங்களை 64 பக்கத்திலும் தூவினால் எல்லா முகத்துக்கும் நாலு நாலு பிளேட் கேட்பார்கள், பணம் கரையும். ஒரே பாரத்தின் ஒரே முகத்தில் அடக்கிவிட்டால் எட்டு வண்ணப் பக்கம் மலிவாகக் கிடைக்கும். பாரத்தின் மேல் பாரம் அடுக்கிப் பைண்டு செய்கிற இதழுக்கு இந்தக் கணக்கு. நடுவில் பின் அடிப்பதானால் எண் மாறும், அப்போது நாலு தாளையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி டம்மி, அதாவது வெற்றுத்தாள் மாதிரி, செய்து பாருங்கள். இந்த டம்மியை மாணவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். 66 பக்கம் வேண்டும் என்று அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள்.

படங்கள் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்த கதையை யூனிகோடுக்கு மாற்றினால் திரும்ப ஒருமுறை முழுக்கப் படிக்க வேண்டும், மேற்கோள் குறியெல்லாம் வேறு ஏதாவது எழுத்தாகியிருக்கும்.

அந்த 11 பக்கத்துக்கு ஒரு வழி. எல்லா வாழ்த்தையும் தபால்தலை அளவுப் படத்தோடு இரண்டு பக்கத்தில் அடக்குங்கள். அதற்குப் பதிலாக முதல்வரிடம் போய், அவர் மாணவராக இருந்தபோது பட்ட ஒரு சங்கடத்தை ஒரு பக்கம் எழுதிக் கேளுங்கள். நான் பார்த்தவரை இதற்கு மறுப்புச் சொன்ன முதல்வர் குறைவு. வாழ்த்துரையைவிட அதை அவர்கள் ஆசையாக எழுதுவார்கள்.

*

வந்த கவிதைகளில் ஒன்று ஏ.ஐ. எழுதியது போல இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
– இதழ்க் குழு, வேலூர்

போலீஸ் வேலை வேண்டாம். கொடுத்தவரை உட்காரவைத்து, “இந்த மூன்றாவது வரியில் ஒரு மரம் வருகிறதே, என்ன மரம்?” என்று கேளுங்கள். எழுதியவருக்கு மரத்தின் பெயர் தெரியும், அது எந்தத் தெருவில் நிற்கிறது என்றும் தெரியும். தெரியவில்லை என்றால் யார் எழுதியிருந்தாலும் அந்தக் கவிதை வேண்டாம்.

*

நாங்கள் பதினொரு பேர். அச்சடிக்கப் பணம் இல்லை. கையெழுத்துப் பத்திரிகையே நடத்தலாம் என்றால், “ஒரே ஒரு பிரதியை யார் படிப்பார்கள்?” என்று சிரிக்கிறார்கள். உங்கள் பத்திரிகை எப்படி இருந்தது? இன்னும் இருக்கிறதா?
– முதலாம் ஆண்டு மாணவர்கள், திண்டுக்கல்

சிரிக்கிறவர்களிடம் சி.சு. செல்லப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1959-ல் ‘எழுத்து’ என்ற இலக்கியச் சிறுபத்திரிகையைத் தொடங்கியபோது 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவரே வரம்பு போட்டுக்கொண்டார். 119 இதழ் கொண்டுவந்தார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனவர். எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்த ஆள் இல்லை. இந்தப் பக்கம், துறை அலுவலகங்களில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிற ஆண்டு மலர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்களுடையது ஃபுல்ஸ்கேப் தாள். மசி ஊறும் என்பதால் ஒரு பக்கம்தான் எழுதுவோம். தலைப்புக்கு இந்தியன் இங்க், பட்டை முனைப் பேனா. புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டைகளை ஹாஸ்டல் முழுக்க வசூல் செய்து, நாலைந்தை ஒன்றாக ஒட்டி மேலட்டை. பைண்டர் காலிகோ துணி போட்டுக் கொடுப்பார், எட்டு ரூபாய். நூலகர் அதைச் சணல் கயிற்றால் மேஜைக் காலில் கட்டிவிடுவார். மத்தியான இடைவேளையில் மூன்று தலை ஒன்றாகக் குனிந்திருக்கும். கடைசி நாலு பக்கத்தை ‘வாசகர் கருத்து’ என்று வெள்ளையாக விட்டுவிடுவோம். நீங்களும் அதை மட்டும் மறக்காமல் விடுங்கள். பாதிக்குமேல் “அருமை” என்றுதான் எழுதியிருக்கும். ஒருவர் என் கவிதைக்குக் கீழே போட வேண்டியதை அங்கே எழுதியிருந்தார்: “மாத்திரை தேவை, இலக்கணத்தில் சொல்வது அல்ல.” இன்றுவரை ஆள் யாரென்று தெரியாது.

மொத்தம் நாலு இதழ். இரண்டு கரையானுக்குப் போயிற்று. ஒன்றை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது என் பீரோவில் இருக்கிறது, ‘முற்றும்’ போட்டேன் என்று மேலே சொன்னேனே, அதே இதழ். வாசகர் கருத்தில் இரண்டாவது பக்கத்தில், ஆபீஸர் மாதிரி பச்சை மசியில், அந்த நண்பன் தன் கடைசிப் பத்தியை முழுக்க எழுதிவைத்திருக்கிறான். மேலே ‘பக்கம் 31-ன் தொடர்ச்சி’ என்று ஒரு வரி. கோபம் எதுவும் இல்லை. அதன் கீழே வேறு யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள்: “தொட்டி ரொம்பி வழிஞ்சிருக்குமே, பாவம்.”