பள்ளி திறக்கும் முன் பாடத் தெரிவைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கோவையில் சிபிஎஸ்இ 8ஆம் வகுப்பை முடித்த மகளோடு டாலஸ் பக்கம் வந்து இறங்கியிருக்கிறீர்கள்; ஆகஸ்டில் அவள் 9ஆம் வகுப்பில் சேர்கிறாள். அலுவலகத்தில் எல்லோரும் இப்போதே எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்கான வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள், தனியார் ஆலோசகர் ஒருவர் நான்காண்டுத் திட்டம் என்று பல ஆயிரம் டாலர் கேட்கிறார், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எஸ்ஏடி வகுப்பும் ஆலோசகரும் இப்போது வேண்டாம். என் இரு பெண்களும் இங்கேதான் 9ஆம் வகுப்பிலிருந்து படித்துக் கல்லூரிக்குப் போனார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பள்ளி திறப்பதற்கு முன் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியது அவள் எந்தெந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதை. மற்றதெல்லாம் காத்திருக்கும்.

நம் ஊரில் 9ஆம் வகுப்பு மதிப்பெண்ணை எந்தக் கல்லூரியும் கேட்காது. பன்னிரண்டாம் வகுப்பில் முனைந்து படித்தால் முந்தையதைச் சரிக்கட்டிவிடலாம். இங்கே 9ஆம் வகுப்பின் முதல் பருவத்திலிருந்தே மதிப்பெண் பதிவேட்டில் ஏறுகிறது. டெக்சாஸில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. 1997இல் வந்த சட்டத்தின்படி, தம் பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினுக்கு மட்டும் பின்னாளில் விலக்கு கிடைத்தது. அங்கே அந்த வரம்பு 6 சதவீதமாக இருந்து, 2026 சேர்க்கையிலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. விண்ணப்பம் போடும்போது கையில் இருப்பது 11ஆம் வகுப்பு முடிவிலான தரவரிசைதான். ஆக, அவளுக்கு இருப்பது மூன்று ஆண்டுகள். அதில் முதலாவது, ஊர் புதிது, பள்ளி புதிது என்று அவள் தடுமாறப்போகிற இந்த ஆண்டு.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அந்த 5 சதவீதம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்குத்தான். கணினி அறிவியல், பொறியியல், வணிகம் போன்ற துறைகளுக்குத் தனியாகப் பரிசீலனை நடக்கிறது. முதல் 5 சதவீதத்தில் இருந்தும் கேட்ட துறை கிடைக்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் தரவரிசையை மட்டும் துரத்தி, விருப்பமில்லாத பாடங்களாக அடுக்குவதில் பொருளில்லை.

இப்போது பாடங்களுக்கு வருகிறேன். தானியங்கிச் சேர்க்கைக்குத் தகுதி பெற வேண்டுமானால், 'டிஸ்டிங்விஷ்ட் லெவல் ஆஃப் அச்சீவ்மென்ட்' என்ற நிலையில் பள்ளியை முடிக்க வேண்டும். அல்ஜீப்ரா 2 உள்பட நான்கு கணிதப் பாடங்கள், நான்கு அறிவியல் பாடங்கள், அதோடு ஓர் 'எண்டோர்ஸ்மென்ட்', அதாவது அறிவியல், வணிகம், கலை என்று ஒரு துறைப்பிரிவு. இந்தப் பிரிவை 9ஆம் வகுப்பில் நுழையும்போதே எழுதிக் கேட்பார்கள். பிறகு மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் இழப்பது கணிதத்தில்தான். இங்கே கணிதம் படிப்படியாகப் போகும்: அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ் (நுண்கணிதம்). ஆண்டுக்கு ஒரு படி. இங்கேயே வளர்ந்த பிள்ளைகளில் பலர் அல்ஜீப்ரா 1ஐ 8ஆம் வகுப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். உங்கள் மகளின் சான்றிதழில் 'கணிதம்' என்று மட்டும்தான் இருக்கும் என்பதால், பள்ளி அவளை அல்ஜீப்ரா 1இல் உட்கார வைக்கும். அப்படியே விட்டால் 12ஆம் வகுப்பில் பிரீகால்குலஸோடு நின்றுவிடுவாள். பொறியியல் கேட்கும் பிள்ளைக்குக் கால்குலஸ் இல்லாதது கண்ணில் படும் குறை.

இதற்கு வழி இருக்கிறது. 'கிரெடிட் பை எக்ஸாம்' என்று ஒரு தேர்வு உண்டு. வகுப்பில் படிக்காத பாடத்தைத் தேர்வெழுதி 80 எடுத்தால், அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கு வைப்பார்கள். பள்ளி மாவட்டம், அதாவது பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், இதை ஆண்டில் சில முறை மட்டுமே நடத்தும். பதிவுக்கான கடைசி நாளைத் தவறவிட்டால் அடுத்த முறைதான். சிபிஎஸ்இ 8ஆம் வகுப்பு வரை இயற்கணிதத்தின் அடிப்படைகளைப் படித்திருப்பாள். இருபடிச் சார்புகளும் அடுக்குக்குறிச் சார்புகளும் அவளுக்குப் புதிது. சில வாரம் உட்கார்ந்தால் பிடித்துவிடக்கூடியவைதான். அவளுக்கே விருப்பம் இருந்தால் இந்தக் கோடையில் இதைச் செய்யுங்கள். எஸ்ஏடி வகுப்புக்குக் கொடுக்க நினைத்த நேரத்துக்கு இதுவே சரியான செலவு. தேர்வு கைகூடாவிட்டால், 10ஆம் வகுப்பில் ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2ஐயும் சேர்த்து எடுக்க முடியுமா என்று பள்ளிக் கவுன்சிலரிடம், அதாவது பாடங்களைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் பள்ளி ஊழியரிடம், கேளுங்கள். ஆனால் தேர்வெழுதியே இரண்டு படிகளை ஒரே மூச்சில் தாண்ட வைக்காதீர்கள். அடித்தளம் ஆடினால் அல்ஜீப்ரா 2இல் தெரிந்துவிடும்.

மதிப்பெண் முறையும் உங்களுக்குப் புதிதாக இருக்கும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 35 தேர்ச்சி. இங்கே 70. அதற்குக் கீழே போனால், 1984இலிருந்து இருக்கும் சட்டப்படி, விளையாட்டுப் போட்டி, இசைக்குழுப் போட்டி எதிலும் குறைந்தது மூன்று வாரம் கலந்துகொள்ள முடியாது. வீட்டுப்பாடம், சிறுதேர்வு, செய்முறை என்று எல்லாவற்றுக்கும் வாராவாரம் மதிப்பெண் ஏறிக்கொண்டே இருக்கும். கடைசி நேரத்தில் விழித்துப் படிக்கும் நம் பழக்கம் இங்கே உதவாது. சமர்ப்பிக்காத வீட்டுப்பாடத்துக்குப் பூஜ்யம் விழுந்தால், நல்ல தேர்வு மதிப்பெண்ணையும் அது கீழே இழுத்துவிடும்.

இதோடு ஒன்றை அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். தோழியின் விடையைப் பார்த்து எழுதுவது, இணையத்திலிருந்து பத்தியை எடுத்துக் கட்டுரையில் வைப்பது, இவற்றை நம் பள்ளிகளில் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே அது நேர்மைக் குற்றம். தெரியாமல் செய்தேன் என்ற விளக்கம் எல்லா நேரத்திலும் எடுபடாது.

ஏபி என்ற கல்லூரி நிலைப் பாடங்களுக்கும், ஆனர்ஸ் என்ற சற்றுக் கடினமான பாடங்களுக்கும் தரவரிசைக் கணக்கில் கூடுதல் புள்ளி கிடைக்கும். எவ்வளவு என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அதனால்தான் 9ஆம் வகுப்பிலேயே ஏபி ஹ்யூமன் ஜியாகிரஃபி எடுக்கக் கூட்டம். உங்கள் மகள் முதல் ஆண்டில் ஒரே ஓர் ஏபி எடுத்தால் போதும் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் நீண்ட வாசிப்பும் எழுத்தும் அவளை நிறைய நேரம் பிடித்துக்கொள்ளும். நள்ளிரவு தாண்டி விழித்து, காலையில் பஸ்ஸில் தூங்கி வழியும் பிள்ளைகளை இந்தத் தெருவிலேயே பார்க்கிறேன், மனம் பதறுகிறது. தூக்கத்தைப் பறித்து வாங்கும் புள்ளி வேண்டவே வேண்டாம்.

பள்ளிக்கு வெளியே என்ன செய்வது என்று கேட்டீர்கள். பல கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளுக்குத்தான் இடம். ஒவ்வொன்றையும் 150 எழுத்துகளுக்குள் விவரிக்க வேண்டும். பதினைந்து சங்கங்களில் பெயர் கொடுப்பதால் பயனில்லை. அவள் ஏற்கெனவே விரும்பிச் செய்வதை நான்கு ஆண்டும் விடாமல் செய்யட்டும். பரதம் ஆடுகிறாள் என்றால் ஆடட்டும். விண்ணப்பத்துக்காக அரங்கேற்றம் வைக்க வேண்டாம். பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரில் பணம் வாங்கி நடத்தும் கோடை முகாம்களும் தேர்வுக் குழுவை மயக்கிவிடாது. தமிழ்ப் பள்ளியில் சேருங்கள். சில மாவட்டங்கள் தமிழை வேற்றுமொழிப் பாடமாக ஏற்றுக் கிரெடிட் தருகின்றன.

எஸ்ஏடிக்கு 10ஆம் வகுப்பு முடிந்த கோடையே போதுமான காலம். ஆஸ்டின் பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸின் எம்ஐடியும் இந்தத் தேர்வையோ இதற்கு இணையான ஏசிடி தேர்வையோ மீண்டும் கட்டாயமாக்கியிருக்கின்றன, அதனால் இரண்டையுமே தவிர்க்க முடியாது. ஆனால் 14 வயதில் அதற்குத் தேவையானது தினமும் கொஞ்சம் ஆங்கில வாசிப்பு மட்டுமே. ஆலோசகர் இப்போது சொல்லப்போவதைப் பள்ளிக் கவுன்சிலர் இலவசமாகவே சொல்வார். போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அலுவலக நண்பர்கள் சொல்ல மறந்திருக்கக்கூடியது விசா விஷயம். உங்கள் மகள் எச்-4இல், அதாவது எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசாவில், இருக்கிறாள். அதில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கோடையில் சம்பளத்தோடு பயிற்சி வேலை கிடைத்தாலும் ஏற்க முடியாது. கூட்டாட்சி அரசின் கல்வி உதவிக்கும் தகுதி கிடையாது. பல உதவித்தொகைகள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. ஆனால் எச்-1பி, எச்-4 குடும்பங்கள் டெக்சாஸில் ஓராண்டுக்கு மேல் நிலையாக வசித்தால் மாநிலக் குடியிருப்பாளர் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு எல்லாவற்றையும் இன்றிலிருந்தே பத்திரமாக வையுங்கள். 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும். கல்லூரியின் நடுவில் வரும் விஷயம் அது. கிரீன் கார்டு வரிசையில் உங்கள் நிறுவனம் எப்போது விண்ணப்பிக்கும் என்று இந்த ஆண்டே கேட்டுவிடுங்கள்.

பள்ளிப் பதிவுக்குப் போகும்போது 8ஆம் வகுப்பின் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலோடு கொண்டுபோங்கள். கணிதத்தில் எந்தப் படியில் வைப்பது என்ற பேச்சுக்கு அது உதவும். தடுப்பூசி அட்டையையும் மறக்க வேண்டாம். கவுன்சிலர் தரும் பாடப்பட்டியல் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம்.