பேசாத வாய்க்கும் பல்வலி வரும்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. மூளை முடக்குவாதம், பேச்சு இல்லை. வலிப்புக்கு ஃபெனிட்டோயின் கொடுக்கிறோம். பிரஷ் வைத்ததும் கடித்துப் பிடித்துக்கொள்கிறான். ஈறு வீங்கி ரத்தம் வருவதால் பல் தேய்ப்பதையே குறைத்துவிட்டோம். சரிதானா?

பதில்: சரியில்லை. ஈறோரம் படியும் அழுக்குப் படலம் போனால்தான் வீக்கம் வடியும். தேய்க்காவிட்டால் ரத்தம் கூடும். மென்மையான, தலை சிறிய பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாகத் தேய்த்து வாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் குறைய வேண்டும். குறையவில்லையா, காரை (கல்போல இறுகிய அழுக்கு) கட்டியிருக்கும். அது பிரஷ்ஷுக்கு அசையாது, பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஃபெனிட்டோயினும் ஈறைத் தடிக்க வைக்கும், அழுக்குத் தங்கும் இடத்தில் இன்னும் அதிகமாக. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு கட்டுமீறும். மாற்று மருந்து உண்டா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

அவன் கடிப்பது பெரும்பாலும் அனிச்சைச் செயல், பிடிவாதம் அல்ல. இழுத்தால் தாடை இன்னும் இறுகும். கையைத் தளர்த்திக் காத்திருங்கள், தானாக விடுவான். வாய் மூடியிருந்தாலும் பாதி வேலை நடக்கும்: ஆள்காட்டி விரலைக் கன்னத்தின் உட்புறமாக, பற்களுக்கு வெளியே நுழைத்து உதட்டை விலக்கினால் வெளிப்பக்கம் முழுவதும் கைக்கு வரும். விரலைப் பற்களுக்கு நடுவே மட்டும் வைக்காதீர்கள். உட்பக்கத்துக்கு, தடித்த கைப்பிடியுள்ள இன்னொரு பிரஷ்ஷை ஒரு பக்கக் கடைவாயில் கடிக்கக் கொடுத்துவிட்டு மறுபக்கம் தேய்க்கலாம்.

நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னாலிருந்து தாடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும். தலை பின்னால் சாய்ந்தால் புரையேறும். துப்பத் தெரியாதவருக்கு நுரைக்காத ஃப்ளோரைடு பேஸ்ட், இழைகளுக்குள் அழுத்திய மெல்லிய பூச்சு போதும். முடிந்ததும் கொப்பளிக்கவைக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: வயிற்றுக் குழாய் வழியாகத்தான் மகளுக்கு உணவு. வாயால் எதுவுமே சாப்பிடாதவளுக்குப் பல் தேய்ப்பது எதற்கு?

பதில்: அவளுக்குத்தான் கூடுதலாகத் தேவை. மென்று விழுங்காத வாயில் காரை வேகமாகக் கட்டும். அந்த வாயின் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். இரண்டு வேளையும் தேய்த்து, ஈறுகளையும் நாக்கையும் ஈரத்துணியால் துடையுங்கள். எச்சில் தேங்கினால் உறிஞ்சு கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 30 வயது, பேசமாட்டான். ஒரு மாதமாகக் கன்னத்தில் அடித்துக்கொள்கிறான், இரவில் தூங்குவதில்லை. தூக்க மருந்தைக் கூட்டலாமா?

பதில்: முதலில் வாயைப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் ஈறில் கொப்புளம், கடைவாயில் கறுப்புக் குழி, முகத்தில் ஒரு பக்க வீக்கம் தெரிகிறதா? ஒரு பக்கமாகவே மெல்கிறானா, குளிர்ந்ததை ஒதுக்குகிறானா? எதுவும் தெரியாவிட்டாலும் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். துளையிட விடமாட்டான் என்றால், ஆழமில்லாத சொத்தைக்குச் சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற திரவ மருந்தைத் தடவலாம். ஊசி தேவைப்படாது. சொத்தையான இடம் கறுத்துவிடும், ஆனால் சொத்தை பரவுவதைப் பெரும்பாலும் நிறுத்தும். ஏற்கெனவே சீழ் கட்டிய பல்லுக்கு அது உதவாது. மயக்க மருந்து கொடுத்தாவது சிகிச்சை செய்துதான் ஆக வேண்டும்.