சஃபாரி கேள்வி-பதில்: சிங்கம் எழுந்திருக்கும்வரை இருந்தீர்களா?

ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போய் வந்தவர்களும், போகப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. விசா, டிக்கெட் சமாச்சாரங்களை விட்டுவிட்டேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு எழுகிற சந்தேகங்கள் மட்டும் இங்கே.

கே: கென்யாவின் மசாய் மாராவில் மூன்று நாள் சுற்றினோம். பதினோரு சிங்கம் பார்த்தோம், பதினொன்றும் தூங்கிக்கொண்டிருந்தன. டிவியில் வருகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லையே? (திருச்சி வாசகர்)

ப: பதினோரு சிங்கத்தைப் பார்த்துவிட்டுக் குறைப்பட்டுக்கொள்கிறீர்களே! சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரைகூடப் படுத்தே கிடக்கும். பகலில் அதைப் பார்த்தால், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்த பெரியப்பா நினைவுதான் வரும். நான் ஒன்று கேட்கிறேன்: ஒவ்வொரு கூட்டத்தின் பக்கத்திலும் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? நாலு போட்டோ எடுத்ததும் 'அடுத்து?' என்று கைடின் முகத்தைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அவரும் வண்டியைக் கிளப்பிவிடுவார். டிப்ஸ் கொடுப்பது நீங்கள்தானே.

சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் ஒரு கூட்டம் கண்ணில் பட்டால் அங்கேயே இருங்கள். முதலில் ஒன்று தலையைத் தூக்கிக் கொட்டாவி விடும். சிங்கங்களுக்குள்ளும் கொட்டாவி தொற்றும். அப்புறம் எழுந்து சோம்பல் முறிக்கும், ஒன்றோடொன்று தலையை உரசிக்கொள்ளும். அந்த உரசல் தொடங்கினால் கூட்டம் கிளம்பப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், மாரா காப்பகத்துக்குள் இருட்டிய பிறகு சுற்ற அனுமதி இல்லை. அதை ஒட்டி, மசாய் மக்களின் நிலத்தில் இயங்கும் கன்சர்வன்சிகளில் இரவுச் சவாரி உண்டு. ஆசை தீரவில்லை என்றால் அடுத்த முறை அங்கே தங்குங்கள்.

கே: தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய ஒரு தனியார் காப்பகம். பானெட்டுக்கு மேலே தனி இருக்கையில் உட்கார்ந்திருந்த, தடம் பார்க்கும் டிராக்கர் சட்டென்று கையைத் தூக்கினார். இஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தார்கள். பிறகு நேரே சிறுத்தையிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ரேடியோவில் முன்பே தகவல் வந்திருக்கும் என்கிறார் என் கணவர். உண்மையா? (கோவை வாசகி)

ப: ரேடியோவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரேடியோவில் சொல்வதற்கு முதலில் ஒருவர் கண்டுபிடித்தாக வேண்டுமே!

முந்தின நாள் மாலை போன டயர் தடத்தின் மேல் காலடி விழுந்திருந்தால், விலங்கு அதற்குப் பிறகு போயிருக்கிறது. அந்தக் காலடிக்குக் குறுக்கே பூச்சி ஊர்ந்த கோடு ஓடினால், பெரும்பாலும் இரவிலேயே கடந்துவிட்டது. விளிம்பு உதிராமல் கூர்மையாக நின்றால் இப்போதுதான். க்ரூகரை ஒட்டிய சாபி சாண்ட் காப்பகத்தில் ஒரு விடியற்காலை, டிராக்கர் இறங்கி ஒரு குச்சியால் தடத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார். சிறுத்தையின் தடம் அது: நாலு விரல், பின்பக்கம் மூன்று மேடாகப் பிரிந்த பாதம், நகக்கீறல் இல்லை. கழுதைப்புலி என்றால் நகம் பதிந்திருக்கும்.

இஞ்சினை அணைப்பது காது கொடுப்பதற்காக. இம்பாலா மான் மூக்கால் சீறும். கூட்டம் மொத்தமும் ஒரே திசையைப் பார்த்துச் சீறினால் அங்கே ஏதோ இருக்கிறது. வெர்வெட் குரங்கு இன்னும் ஒரு படி மேல். கென்யாவின் அம்போசெலியில் நடந்த ஆய்வு 1980இல் வெளியானது: சிறுத்தைக்கு ஒரு கத்தல், கழுகுக்கு வேறு, பாம்புக்கு வேறு. பதிவு செய்த ஒலியைப் போட்டுக் காட்டினாலே போதும். சிறுத்தைக் கத்தலுக்கு மரமேறின, கழுகுக் கத்தலுக்கு வானத்தைப் பார்த்தன, பாம்புக் கத்தலுக்குத் தரையைத் தேடின. சாபி சாண்டில் அன்றைக்கு எங்களுக்கு வழி சொன்னதும் வெர்வெட் குரங்குகள்தான். உச்சிக்கிளையில் நாலு குரங்குகள், நாலும் ஓடைப் பக்கமே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. அந்தத் திசையில் மெல்லப் போனோம். மருலா மரத்தின் கவட்டையில் ஒரு இம்பாலாவின் கால் தொங்கியது. கீழே புல்லில் பெண் சிறுத்தை, வயிறு புடைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

கே: எங்கள் கைடு 'லெப்பர்ட்' என்றாலும் 'சீட்டா' என்றாலும் அப்பா 'சிறுத்தை' என்றே மொழிபெயர்த்தார். பையன் குழம்பிப்போனான். (மதுரை)

ப: குழப்பம் உங்கள் வீட்டில் மட்டுமில்லை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சீட்டாக்கள் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்தபோது நம் செய்திகளிலும் இதே கூத்துதான். லெப்பர்ட்தான் சிறுத்தை. சீட்டாவுக்குச் சிவிங்கி என்று அழகான பெயர் இருக்கிறது. ஒட்டகம் போல் உயரம், சிவிங்கி போல் புள்ளி, அதனால்தான் அது ஒட்டகச்சிவிங்கி. பையனிடம் இதைச் சொன்னால் மறக்கவே மாட்டான். கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த மாதிரி கறுப்புக் கோடு இருந்தால் சிவிங்கி. அதன் புள்ளிகள் மை தொட்டு வைத்த பொட்டு போல நிறைந்திருக்கும். சிறுத்தைக்குப் புள்ளிகள் பூப்போலக் கூடிநிற்கும், கண்ணீர்க் கோடு கிடையாது. சுவாஹிலிக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை: சிறுத்தை 'சுயி', சிவிங்கி 'டூமா'.

கே: யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் வழிந்தது. மதம் பிடித்திருக்கிறது, கிளம்புங்கள் என்று கத்தினேன். கைடு சிரித்தார். (தஞ்சாவூர்)

ப: கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த யாரும் அப்படித்தான் கத்துவார்கள். நம் ஊர்க் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. ஆப்பிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டுக்குமே பதற்றத்திலோ உற்சாகத்திலோ அந்த இடத்தில் நீர் கசியும், குட்டிகளுக்குக்கூட உண்டு. தந்தமும் அப்படியே, பெண் யானைக்கும் இருக்கும். தந்தத்தைப் பார்த்து 'கொம்பன்' என்று முடிவு கட்டாதீர்கள்.

உண்மையிலேயே மதத்தில் இருக்கும் ஆணுக்குச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், பின்னங்கால்களின் உட்புறம் நனைந்திருக்கும், நாற்றம் தூரத்திலேயே மூக்கில் ஏறும். அதைக் கண்டால் எந்தக் கைடும் சிரிக்க மாட்டார். காதை விரித்து, தலையைத் தூக்கி, பிளிறிக்கொண்டு ஓடிவருவது பெரும்பாலும் மிரட்டல், பாதியில் நின்றுவிடும். காதைப் பின்னால் ஒட்டி, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால்தான் ஆபத்து. எதுவானாலும் முடிவு ஓட்டுநருடையது, பின்சீட்டிலிருந்து கத்துவது யானைக்கும் பிடிக்காது.

கே: திறந்த ஜீப்பில் சிங்கத்துக்குப் பக்கத்தில் போகிறார்களே, அது பாயாதா? (சேலம்)

ப: குட்டியிலிருந்தே வண்டிகளைப் பார்த்து வளர்ந்த சிங்கங்கள் அவை. வண்டியையும் ஆட்களையும் சேர்த்து ஒரே உருவமாக, இரையுமில்லை எதிரியுமில்லை என்று எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் எழுந்து நின்றாலோ காலை வெளியே நீட்டினாலோ அந்த உருவம் கலைந்துவிடும். செல்ஃபிக்காக எழுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிங்கத்தைவிட அவர்கள் மேல்தான் பயம்.

கே: க்ரூகர் பக்கம் பார்த்த காண்டாமிருகத்துக்குக் கொம்பே இல்லை. சண்டையில் முறிந்ததா? (சென்னை)

ப: அறுத்தது மனிதர்கள்தான், அதைக் காப்பாற்றுவதற்காக. மயக்க ஊசி போட்டு, வளரும் பகுதிக்கு மேலே ரம்பத்தால் எடுத்துவிடுகிறார்கள். நம் நகம்போல அதுவும் கெரட்டின். வலிக்காது, திரும்ப வளரும், ஒன்றரை இரண்டு ஆண்டில் மறுபடி அறுக்க வேண்டும். க்ரூகரும் சுற்றியுள்ள காப்பகங்களும் சேர்ந்த 11 இடங்களில் 2017 முதல் 2023 வரை பார்த்ததில், கொம்பு எடுத்தபின் திருட்டு வேட்டை 78 சதவீதம் குறைந்தது. காண்டாமிருகப் படத்தை எந்த இடம் என்ற விவரத்தோடு இணையத்தில் போடாதீர்கள் என்று கைடு கெஞ்சுவதும் இதனால்தான்.

கே: வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) கூட்டம் ஆற்றில் பாயும் காட்சியைப் பார்க்க எந்த வாரம் போக வேண்டும்? (பெங்களூரு)

ப: வாரக் கணக்கில் உறுதி சொல்பவர் உங்களிடம் பணம் வாங்கப் பார்க்கிறார். சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட், கூடவே வரிக்குதிரைகள், மழை பெய்த புல்லைத் தேடி தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் கென்யாவின் மாராவுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஜூலையிலிருந்து அக்டோபர்வரை மாரா ஆற்றைக் கடக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். நான் ஒரு முறை கரையில் நாலு மணி நேரம் காத்திருந்தேன். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. முன்னால் நின்ற ஒரு வரிக்குதிரை தண்ணீரை முகர்ந்து பார்த்துத் திரும்பியது. மொத்தக் கூட்டமும் அதன் பின்னால் போய்விட்டது. அதைவிட எரிச்சல், கடக்கும் வழியிலேயே வண்டியை நிறுத்தி மறிக்கும் சுற்றுலாக் கூட்டம். உங்கள் ஓட்டுநரிடம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் பிப்ரவரியில் செரங்கெட்டிக்குத் தெற்கே ண்டூட்டு பக்கம் போங்கள் என்பேன். எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் முளைக்கும் அந்தக் குட்டைப் புல்லில் தாதுச்சத்து அதிகம், பால் கொடுக்கும் தாய்களுக்கு அதுதான் வேண்டும். பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடும். நனைந்த கன்று விழுந்து விழுந்து எழுந்து, சில நிமிடத்தில் தாயோடு ஓடுவதைப் பார்க்கலாம்.

கே: என்ன நிறத்தில் உடுப்பு? (ஈரோடு)

ப: காக்கி, பழுப்பு, சாம்பல் பச்சை. ஜூன், ஜூலையில் க்ரூகர் பக்கம் விடியற்காலைக் குளிர் எலும்பில் இறங்கும், ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், ரத்தம் குடிக்கும் ட்செட்சி ஈ தேடி வரும். பேன்ட் துணிக்கு மேலேயே கடிக்கும். நான் முதல் முறை தான்சானியாவின் டாரங்கிரேக்குப் புதுக் கருநீலச் சட்டையில் போனேன். ஒரு மணி நேரத்தில் முதுகெல்லாம் தடிப்பு. ஓட்டுநர் பேசாமல் வண்டியை நிறுத்தி, மரக்கிளையில் தொங்கிய ஒரு துணியைக் காட்டினார். ஈயைப் பிடிக்க மருந்து தடவிக் கட்டிய பொறி அது. நீலமும் கறுப்பும், என் சட்டையை வெட்டித் தைத்த மாதிரியே இருந்தது.