நகையை அடகு வைத்து நீட் பயிற்சி வேண்டாம், அண்ணே

தங்கச்சிமடத்து அண்ணனுக்கு,

மகள் நீட் எழுதிவிட்டு, "இந்த மார்க்குக்கு சீட் வராது" என்று அவளே சொல்லிவிட்டாள். மச்சினன் நாமக்கல்லில் ஒரு வருடம் நீட் பயிற்சியில் போடச் சொல்கிறார், இல்லையென்றால் பிலிப்பைன்ஸில் மருத்துவப் படிப்பு. பிள்ளையோ அப்பத்தாவின் மறதி நோயைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறாள். 'எக்சோசோம்' என்று ஏதோ சொல்கிறாளாம். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் உங்களுக்கு இப்போது ஆறுதலைவிடக் கணக்குதான் தேவை.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கிறது, வீட்டுக்கு வருமானம் இல்லை. இந்த நேரத்தில் நகையை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டாதீர்கள். வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்குக் கடன் வாங்கவே வாங்காதீர்கள். படித்துத் திரும்பினாலும் இங்கே தனித் தகுதித் தேர்வு இருக்கிறது, அதில் தேறினால்தான் டாக்டர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் வந்து, அவளுக்கும் விருப்பம் இருந்தால் அனுப்புங்கள், கட்டணத்தை அரசே கட்டும். மற்றபடி மச்சினன் பேச்சுக்காக அவளுடைய ஒரு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

இனி அவள் சொல்லும் விஷயத்துக்கு வருவோம். நம் உடம்பின் செல்கள் வெளியே அனுப்பும் மிக நுண்ணிய பைகள்தான் எக்சோசோம். அளவு 30 முதல் 150 நானோமீட்டர், சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. ஒவ்வொன்றும் முத்திரையிட்ட பார்சல் மாதிரி. அனுப்பிய செல்லின் புரதம், மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. எல்லாம் உள்ளே இருக்கும். மூளையின் நரம்புச் செல் அனுப்பியதிலும் சில, ரத்தத்துக்கு வந்து சேர்கின்றன. அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு, டௌ ஆகிய புரதங்களை இந்தப் பைகளுக்குள்ளும் பார்த்திருக்கிறார்கள். இன்று நோயை உறுதிசெய்யப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், அல்லது மூளையைப் படம்பிடிக்கும், செலவு பிடிக்கும் பெட் ஸ்கேன் வேண்டும். ரத்தத்தில் டௌ புரதத்தை நேரடியாக அளக்கும் சோதனை ஒன்றுக்கு அமெரிக்காவில் 2025-இல் அனுமதி கிடைத்தது. எக்சோசோம் வழி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. ரத்தத்தில் எடுத்த பை நிஜமாகவே நரம்புச் செல்லிலிருந்து வந்ததுதானா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் சண்டை. நோய்ப் புரதத்தை ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் பரப்புவதும் இந்தப் பைகள்தானா, இல்லை கழிவை வெளியேற்றி உதவுகின்றனவா என்பதும் முழுதாகத் தீரவில்லை. இத்தனை வேலை பாக்கி இருக்கிற துறைக்குத்தான் பொறுமையான கைகள் வேண்டும், அண்ணே.

ஒரு எச்சரிக்கை: எக்சோசோம் ஊசி போட்டால் ஞாபகம் திரும்பும் என்று யாராவது அப்பத்தாவுக்கு விற்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அப்படி அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இல்லை.

வழி இதுதான். ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியிலோ காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியிலோ விலங்கியல், வேதியியல் என்று கிடைப்பதில் சேருங்கள். செலவு குறைவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்றாம் வருடத்தில் ஜாம், கேட்-பி என்ற நுழைவுத் தேர்வுகளை எழுதட்டும். அதில் தேறினால் ஐ.ஐ.டி.யிலோ, நல்ல பல்கலைக்கழகம் ஒன்றிலோ எம்.எஸ்சி. உயிரித்தொழில்நுட்பம் படிக்கலாம். அங்கேதான் ரத்தத்தை அதிவேகத்தில் சுழற்றிப் பைகளைப் பிரிப்பது, புரதம் அளப்பது எல்லாம் கைவரும்.

வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் இந்தத் துறையில் நல்ல வேலை கிடைக்காது, இதை மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைத் தகுதியை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு முனைவர் படிப்பு. போட்டி கடுமைதான். ஆனால் கடன் இல்லாத போட்டி. மனநலம், நரம்பியலுக்கான பெங்களூரு நிம்ஹான்ஸ், ஹரியானா மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களின் கதவு அப்போதுதான் திறக்கும்.

நாளைக்கே அவளை உட்காரவைத்துக் கேளுங்கள்: ஐந்து வருடம் ஆய்வகத்தில் நிற்கச் சம்மதமா, ஊரைவிட்டுப் போகச் சம்மதமா என்று. பதில் அவள் வாயிலிருந்து வரட்டும், சின்னம்மா பெரியம்மா சொல்ல வேண்டாம். சரி என்றால், அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் ஆன்லைனில் இருக்கிறது. நீட் முடிவுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள். மச்சினன் கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.