காட்டன்தான் எடுக்கிறேன், ஆனாலும் ஏன் இப்படி வேர்க்கிறது?

கேள்வி: பெருந்துறை பக்கமுங்க. தினமும் ஸ்கூட்டியில ஈரோட்டுக்கு வேலைக்குப் போய் வர்றேன். குர்த்தி, லெக்கிங்ஸ்தான் போடறது. ‘காட்டன்’னு கேட்டுத்தான் எடுக்கறேன். ஆனா மத்தியானத்துக்குள்ள முதுகெல்லாம் ஒட்டிக்குது, இடுப்பைச் சுத்தி வேர்க்குரு. வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் பார்க்கறாரு. அவருக்கும் டீ-சர்ட் கசகசங்குதாம். பொண்ணுக்கு 8 வயசு. இந்த வெயிலுக்கு எந்தத் துணி எடுக்கறது, எப்படித் தைக்கறது, கடையில எப்படிங்க கண்டுபிடிக்கறது?

பதில்: முதுகு, இடுப்பு என்று இடத்தையும் சேர்த்துச் சொன்னது நல்லதாயிற்று. முதுகில் ஒட்டுவது அநேகமாக உங்கள் குர்த்தி அல்ல, அதற்குள் இருக்கும் லைனிங். இடுப்பில் வேர்க்குரு வருவது லெக்கிங்ஸ் பட்டியால். மேலே எவ்வளவு நல்ல காட்டன் போட்டாலும், உடம்பைத் தொடுவது பாலியஸ்டர் கிரேப் லைனிங்காக இருந்தால், உடம்புக்கு நீங்கள் போட்டிருப்பது பாலியஸ்டர்தான். வீட்டில் இருக்கும் குர்த்திகளை இன்றைக்கே உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். வழுவழுவென்று, கசக்கினால் சுருக்கம் விழாத லைனிங் இருந்தால் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். புதுத் துணி எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

நம் பக்கத்து வெயிலைப் புரிந்துகொண்டால் துணி எடுப்பது சுலபம். சென்னை, நாகப்பட்டினம் போலக் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம், வியர்வை காய இடம் கிடைக்காது. ஈரோடு, கரூர், தாராபுரம் பக்கம் சித்திரை, வைகாசியில் அடிப்பது வறண்ட வெயில். கரூர் பரமத்தியின் பெயர் வானிலைச் செய்தியில் அடிக்கடி வருவது சும்மா இல்லை. கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் கை கொடுக்கும். வறண்ட வெயிலில் ஒரு வசதி உண்டு. வியர்வை வேகமாகக் காயும், காயும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதைத் தடுக்காத துணி வேண்டும், அவ்வளவுதான்.

தடுக்காத துணி என்றால், ஈரத்தைக் குடிக்க வேண்டும், காற்றை விட வேண்டும், உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். குடிப்பது நூலின் குணம். சாதாரணக் காற்றில் வைத்திருக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். லினன் சுமார் 12, ரேயான் 11 முதல் 13 வரை. பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். அதனால்தான் கடையில் தொட்டுப் பார்க்கும்போது பூப்போல இருக்கும் பாலியஸ்டர் துணி, வியர்த்ததும் பிளாஸ்டிக் காகிதம் போல முதுகில் ஒட்டுகிறது.

காற்று விடுவது நூல் எவ்வளவு மெலிசு, நெசவு எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்தது. ‘காட்டன்’ என்ற ஒரு சொல்லை நம்பி ஏமாறுவது இங்கேதான். ஜீன்ஸும் காட்டன், மெலிசான மல் துணியும் காட்டன். நூலின் நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. 40-ம் நம்பர் நூலில் நெருக்கமாக நெய்த பாப்ளின் சதுர மீட்டருக்கு 110 முதல் 125 கிராம் வரும். 60-ம் நம்பர் நூலில் நெய்த கேம்ப்ரிக் 75 முதல் 85 கிராம். மல் துணி அதைவிட லேசு. உங்கள் குர்த்திக்கு 60-க்கு 60 (நீள நூலும் குறுக்கு நூலும் 60-ம் நம்பர்) கேம்ப்ரிக் கேளுங்கள். மல் இன்னும் குளுமைதான், ஆனால் உள்ளே தெரியும். தெரிகிறதே என்று கிரேப் லைனிங் போட்டால் மறுபடி பழைய கதைதான். மல்லுக்கு மல்லே லைனிங்காக வரட்டும்.

எடையை வீட்டிலேயே பார்க்கலாம். 44 அங்குல அகலத்தில் 1 மீட்டர் துணி என்பது 1.12 சதுர மீட்டர். சமையலறைத் தராசில் அது 90 கிராம் காட்டினால், ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) சுமார் 80. 135 கிராம் காட்டினால் 120. வெயிலுக்குக் குர்த்தித் துணி 100-ஐத் தாண்ட வேண்டாம்.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். துணியை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூலுக்கும் நூலுக்கும் நடுவில் ஊசிமுனை போல வெளிச்சம் தெரிய வேண்டும். துணியை வாயோடு ஒட்டி வைத்து ஊதுங்கள். மறுபக்கம் பிடித்த கையில் காற்றுப் பட வேண்டும். பிறகு துணி ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். 5 விநாடிக்குள் பரவினால் நல்லது. மணியாக நின்றால் அவசரப்பட்டுப் பாலியஸ்டர் என்று முடிவு கட்ட வேண்டாம். மென்மைக்காகப் போடும் சிலிக்கோன் பூச்சாகவும் இருக்கலாம். வெளுக்காத, சாயம் போடாத காடா துணி என்றால் பருத்தியின் இயற்கை மெழுகே சொட்டை நிறுத்தும். ஒரு மீட்டர் மட்டும் வாங்கிப் போய் இரண்டு முறை துவைத்துவிட்டு மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள். அப்போதும் மணியாக நின்றால் சந்தேகப்பட இடம் உண்டு, ஆனால் பூச்சும் மெழுகும் இரண்டு துவைப்பில் முழுதாகப் போகாமலும் இருக்கலாம்.

இன்னும் சந்தேகம் என்றால் ஓரத்தில் நாலு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, கருப்பு மணியாகக் கெட்டிப்படும். சாம்பலும் இருந்து, நடுவில் நெருடுகிற கட்டியும் இருந்தால் டெரிகாட்டன். நீளவாட்டு நூலையும் (பாவு) குறுக்கு நூலையும் (ஊடை) தனித்தனியாக எரியுங்கள். பாவு காட்டனாகவும் ஊடை பாலியஸ்டராகவும் இருக்கும் துணிகள் நிறைய உண்டு. ரேயானும் காகிதம் போலத்தான் எரியும், எனவே அதைப் பிடிக்க வேறு வழி. ஒரு நூலை நனைத்து இழுங்கள். நனைந்த இடத்தில் பொசுக்கென்று அறுந்தால் ரேயான். பருத்தி நனைந்தால் பலம் கூடும், ரேயான் நனைந்தால் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கும்.

‘ரேயான் காட்டன்’ என்று கடையில் சொல்லிக் கொடுப்பதில் பெரும்பாலும் காட்டனே இராது. ஈரோட்டைச் சுற்றி விசைத்தறிகளில் ரேயான் ஏராளமாக ஓடுகிறது, விலை குறைவு, விழுகிற அழகும் உண்டு. கெட்ட துணி அல்ல. ஆனால் குர்த்திக்கு வருவது 130, 140 கிராம் எடையில். வியர்வையை நிறையக் குடித்துக் கனத்து, உடம்போடு தொங்கும். சாயங்காலம் கோயிலுக்கு, கடைவீதிக்குப் போட ரேயான் சரி. மத்தியான ஸ்கூட்டிக்கு வேண்டாம்.

இனி லெக்கிங்ஸ். 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா என்று பார்த்து எடுத்திருப்பீர்கள். துணி காட்டன்தான், கோளாறு அதன் இறுக்கத்தில். 180 முதல் 220 ஜி.எஸ்.எம். கனமுள்ள துணி, தோலோடு இழுத்துப் பிடித்திருக்கிறது. காற்றுக்கு இடமே இல்லை. இடுப்புப் பட்டியில் இரண்டு மடிப்புத் துணியும் எலாஸ்டிக்கும் சேர்ந்து வியர்வை வாயை அடைக்கும்போது வேர்க்குரு கிளம்புகிறது. நேர்வெட்டுக் காட்டன் பேண்ட், பலாஸோ, பட்டியாலா எதற்காவது மாறுங்கள். முன்பக்கம் தட்டைப் பட்டியும் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக்குமாகத் தைக்கச் சொல்லுங்கள், அல்லது நாடா வையுங்கள். ஸ்கூட்டிக்குக் கால் அகலம் 14, 15 அங்குலச் சுற்றோடு நிற்கட்டும். வண்டி ஓட்டும்போது பெரிய பலாஸோ பறப்பது ஆபத்து. வேர்க்குருவின் மேல் பவுடரை அப்ப வேண்டாம், அது வியர்வையோடு சேர்ந்து பசையாகும். பச்சைத் தண்ணீரில் கழுவிக் காற்றாட விட்டாலே அடங்கும். சீழ் கோத்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தைக்கக் கொடுக்கும்போது அளவைக் கொஞ்சம் தாராளமாகச் சொல்ல வேண்டும். மார்புச் சுற்றுக்கு மேல் 4 அங்குலம் லூஸ், அக்குள் வளைவு அரை அங்குலம் கீழே, கை முழங்கை வரை, பக்கவாட்டில் இடுப்பு வரை பிளவு. ‘ஃபிட்டிங்கா’ வேண்டுமா என்று டெய்லர் கேட்டால், வெயிலுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உடம்புக்கும் துணிக்கும் நடுவில் நகர்கிற காற்றுதான் விசிறி. 44 அங்குலத் துணியில் குர்த்திக்கு 2.5 மீட்டர், பேண்டுக்கும் ஏறக்குறைய அதே அளவு வைத்துக்கொள்ளுங்கள். தைக்கும் முன் துணி, லைனிங் இரண்டையும் நாலைந்து மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். தவறினால் முதல் துவைப்பில் லைனிங் ஒரு அளவும் மேல்துணி ஒரு அளவும் சுருங்கி, தையல் நெடுகச் சுருக்கம் விழும்.

ஸ்கூட்டிக்கு இன்னொன்று. காற்றின் சூடு 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், வண்டி வேகத்தில் வெறும் கையில் படும் காற்றும் சூட்டைக் கொண்டுவரும், நேர் வெயில் அதற்கு மேல். எனவே மூடுவதுதான் குளுமை. வெளிர்நிறப் பாப்ளினில் தொளதொளவென்று ஒரு முழுக்கைச் சட்டை தைத்து மேலே மாட்டிக்கொள்ளுங்கள். மேல்சட்டைக்கு மட்டும் பாப்ளினின் கனமும் நெருக்கமும் உதவி, வெயிலைத் தடுக்கும். கழுத்துக்கு ஈரிழைத் துண்டு ஒன்று. நம் காட்டில் வேலை செய்கிறவர்கள் தலையில் நனைத்துக் கட்டுகிற அதே துண்டுதான். இரட்டை நூல், நெருக்கம் இல்லாத நெசவு, நிறையக் குடித்து நிதானமாகக் காயும். இதைவிட நல்ல கூலிங் துணியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. நுனியை மேல்சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள், சக்கரத்தில் சிக்கக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரருக்குப் பாதி பதில் அவர் கம்பெனியிலேயே இருக்கிறது. ஜி.எஸ்.எம். கட்டரில் வெட்டினால் வரும் வட்டம் 100 சதுர செ.மீ. அந்த வட்டம் 1.5 கிராம் நின்றால் 150 ஜி.எஸ்.எம். வெயிலுக்கு 30-ம் நம்பர் கோம்டு (சீவிய) நூலில் ஓட்டிய சிங்கிள் ஜெர்சி (ஒற்றைப் பின்னல் துணி), 140 முதல் 160-க்குள் போதும். ‘நல்ல கனமான குவாலிட்டி’ என்று விற்கிற 200 ஜி.எஸ்.எம். டீ-சர்ட் நமக்கானதல்ல, அது குளிர் நாட்டு ஆர்டர். காலர் வைத்த டீ-சர்ட்டுக்கு வரும், மேடுபள்ளப் பின்னலுள்ள பிக்கே துணியும் பெரும்பாலும் 200-ஐத் தாண்டும். திருப்பூர் காதர்பேட்டையில் சர்ப்ளஸ் (ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு) எடுக்கும்போது நெஞ்சை அடைத்த ரப்பர் பிரிண்டைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் காற்று துளியும் நுழையாது. அடர்சாம்பல் மெலஞ்ச் (இழைகள் கலந்து தெரியும்) நிறங்களில் பாலியஸ்டர் கலப்பு வழக்கம், லேபிளைப் பார்த்துவிட்டு எடுக்கட்டும். இரண்டு பக்கத் தையலும் நேராக இறங்குகிறதா என்று மடித்துப் பார்க்க வேண்டும். புதிதிலேயே முன்னால் திரும்பி இருந்தால், துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும். சட்டை போடுகிற நாளில் லினனுக்கு 60 லீ (லினன் நூலின் நம்பர்) நூல் கேட்கலாம், கசங்கும் என்று தெரிந்தே எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் 4 முழ வேட்டி, கைலி. இதற்கு மேல் காற்றோட்டமான உடை இல்லை.

பாப்பாவுக்குக் கேம்ப்ரிக், மல் துணியில் கையில்லாத ஏ-லைன் கவுன் நாலைந்து தைத்துவிடுங்கள். நெட் துணி, உள்ளே கேன்கேன் (விறைப்பான வலைத்துணி) வைத்த கவுன்கள் கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் போடத்தான். பள்ளிச் சீருடை டெரிகாட்டனாகத்தான் இருக்கும், மாற்ற வழியில்லை. உள்ளே மெல்லிய காட்டன் சிம்மீஸ் போட்டு, சீருடையை ஒரு அளவு பெரிதாகத் தையுங்கள்.

துவைப்பதிலும் துணி கெடும். போர் தண்ணீரில் பார் சோப்பு போட்டால், தண்ணீரின் சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து அழுக்குப் பிசினாகி நூலுக்குள் படியும். நல்ல காட்டனும் நாலு மாதத்தில் மொடமொடவென்று, தண்ணீர் குடிக்காத துணியாகிவிடும். சோப்புக்குப் பதில் டிடர்ஜென்ட் பவுடர் போட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம், அது நூலைச் சுற்றி வழவழப்பாகப் படிந்து குடிக்கும் குணத்தைக் குறைக்கும். கஞ்சி போடும் பழக்கம் இருந்தால் நீர்த்த கஞ்சியாக இருக்கட்டும். லேசான கஞ்சி துணியை உடம்பிலிருந்து விலக்கி நிறுத்தும், கெட்டிக் கஞ்சி நூலிடைக் கண்களை அடைத்துவிடும். ரேயானை மட்டும் முறுக்கிப் பிழியாமல், கையால் அழுத்தித் தண்ணீரை எடுத்து, கொடியில் பாதியாக மடித்துப் போடுங்கள்.

மொத்தமாக எடுப்பதானால் திங்கள் இரவு தொடங்கும் ஈரோடு ஜவுளிச் சந்தையில் கேம்ப்ரிக் கிடைக்கும். முதலில் ஒரே ஒரு மீட்டர் எடுங்கள். அதில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. சதுரம் பேனாவால் வரைந்து, இரண்டு முறை துவைத்து அளந்து பாருங்கள். 1 செ.மீ. குறைந்தால் 4 சதவீதச் சுருக்கம், அதுவரை பரவாயில்லை. 2 செ.மீ. குறைந்தால் அந்தத் துணியை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.