ஒரே ஒரு மென்பொருளுக்கு மட்டும் வேறு மொழி

கேள்வி: என் லினக்ஸ் கணினி முழுவதும் தமிழ் இடைமுகத்தில் இயங்குகிறது, அதை மாற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனால், கணக்கெழுதப் பயன்படும் குனுகேஷ் மென்பொருளுக்குக் கிடைக்கும் பாடங்கள் ஆங்கிலப் பட்டிப் பெயர்களையே குறிப்பிடுவதால், அதை மட்டும் ஆங்கிலத்தில் திறக்க விரும்புகிறேன். ‘எல்சி ஆல்’ என்னும் சூழல் மாறியில் (மென்பொருள்கள் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பில்) அமெரிக்க ஆங்கிலத்தை இட்டால் போதும் என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா?

பதில்: பட்டிகள் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். ஆனாலும் கணக்கு மென்பொருளுக்கு அந்த வழி வேண்டாம். ‘எல்சி ஆல்’ மொழியை மட்டும் மாற்றுவதில்லை. தேதி, நாணயம், எண் வடிவம், அகரவரிசை ஆகிய அனைத்தையும் சேர்த்தே மாற்றுகிறது. அமெரிக்க முறையில் மாதம் முதலில் வருவதால், ஜூன் 5ஆம் நாளை எண்ணி நீங்கள் 5/6 என்று உள்ளிடுவது மே 6 என்று பதிவாகக்கூடும். இத்தகைய பிழைக்கு எச்சரிக்கை ஏதும் வராது; அது கண்ணில் படுவதற்குள் பல பதிவுகள் ஏறியிருக்கும்.

உங்களுக்கு வேண்டியது ‘லாங்குவேஜ்’ என்னும் வேறொரு மாறி. லினக்ஸின் பெரும்பாலான மென்பொருள்கள் கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்பு முறையைப் பயன்படுத்துகின்றன. எந்த மொழியில் செய்திகளைக் காட்டுவது என்று தீர்மானிக்கும்போது அது முதலில் பார்ப்பது இந்த மாறியைத்தான். தேதியையும் நாணயத்தையும் இது தொடாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ‘லாங்குவேஜ்’ என எழுதி, இடைவெளியின்றிச் சமக்குறியும் ஆங்கிலத்தைக் குறிக்கும் ‘இஎன்’ என்ற இரு சிறிய எழுத்துகளும் இட்டு, ஓர் இடைவெளி விட்டு மென்பொருளின் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் இது செல்லுபடியாகும். முக்காற்புள்ளியால் பிரித்துப் பல மொழிகளையும் வரிசையாகத் தரலாம். முதல் மொழியில் இல்லாத சொற்றொடர் அடுத்த மொழியில் தேடப்படும்.

ஒவ்வொரு முறையும் முனையத்தைத் திறக்க வேண்டாமென்றால், பயன்பாட்டுப் பட்டியிலுள்ள தொடக்கக் கோப்பைத் திருத்தலாம். கணினி முழுவதற்கும் பொதுவான அந்தக் கோப்பை உங்கள் இல்லக் கோப்புறைக்குள் இருக்கும் பயன்பாடுகள் கோப்புறைக்கு நகலெடுத்து, நகலில் மட்டும், இயக்க வேண்டிய கட்டளையைக் குறிக்கும் ‘எக்ஸெக்’ வரியில், சமக்குறிக்கு அடுத்து, ‘என்வ்’ என்னும் கட்டளையையும், அதை அடுத்து மேற்சொன்ன மாறியையும் சேருங்கள். மூலக் கோப்பைத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் உங்கள் மாற்றம் அழிந்துபோகும். வேறு சில மென்பொருள்களின் தொடக்கக் கோப்பில் டிபஸ் (மென்பொருள்கள் தமக்குள் செய்தி பரிமாறும் அமைப்பு) வழியாகத் திறக்கும் வசதி இயக்கப்பட்டிருக்கும். அதை அணைக்காவிட்டால் ‘எக்ஸெக்’ வரி படிக்கப்படாமலே போகலாம். ஃபிளாட்பேக் என்னும் தனிப் பொதி முறையில் நிறுவியவற்றுக்கு, அதன் ‘ஓவர்ரைடு’ கட்டளை இதே மாறியை நிலையாகப் பதித்துவிடும்.

கேள்வி: எனக்கு இதற்கு நேர்மாறான தேவை. ஆங்கிலக் கணினியில் சில மென்பொருள்களை மட்டும் தமிழில் பார்க்க விரும்பி ‘லாங்குவேஜ்’ மாறியில் தமிழை இட்டேன். சிலவற்றில் பலிக்கிறது, சிலவற்றில் எந்த மாற்றமும் இல்லை. ஏன்?

பதில்: முதலில், அந்த மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் மொழிப்பொதி தனியாக நிறுவப்பட வேண்டியது. அடுத்து, கணினியின் வட்டார அமைப்பு (மொழி, தேதி முதலியவற்றுக்கான தேர்வு) எந்த மொழியையும் சாராத ‘சி’ என்று மட்டும் இருந்தால், கெட்டெக்ஸ்ட் இந்த மாறியைப் புறக்கணித்துவிடும். மென்பொருள் ஏற்கெனவே திறந்திருந்தாலும் பழைய மொழியே தொடரக்கூடும். பல மென்பொருள்கள் புதிதாகத் தொடங்காமல், ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலேயே இன்னொரு சாளரத்தைத் திறக்கின்றன. எனவே முழுவதுமாக மூடிவிட்டுத் திறந்து பாருங்கள்.

ஃபயர்பாக்ஸும் லிப்ரே ஆஃபிஸும் தங்கள் மொழித் தேர்வைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. ஃபயர்பாக்ஸில் அமைப்புகள் பக்கத்திலேயே மொழியைச் சேர்க்கலாம். லிப்ரே ஆஃபிஸில் தமிழ்ப் பொதியை நிறுவியபின், விருப்பங்களில் இடைமுக மொழியைத் தேர்ந்து மறுபடி தொடங்குங்கள்; அங்கே எண், தேதி வடிவங்களுக்குத் தனித் தேர்வு இருப்பதால், அவை மாறாமல் பட்டிகள் மட்டும் தமிழாகும். கேடிஈ என்னும் லினக்ஸ் மேசைத்தளத்தைச் சேர்ந்த மென்பொருள்களின் உதவிப் பட்டியிலேயே மொழியை மாற்றும் வசதி உண்டு.