கம்பெனிக்கு மதிப்பே இல்லை என்கிறார் கணவர்: விவாகரத்தில் அதை எப்படிக் கணக்கிடுவார்கள்?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 14 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது விவாகரத்து பேசிக்கொண்டிருக்கிறோம். கணவர் அட்டைப்பெட்டி தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறார். திருமணத்துக்கு 3 ஆண்டுகளுக்கு முன்பு சின்னதாக ஆரம்பித்தது. அவருக்கு 60 சதவீதப் பங்கு, அவருடைய தம்பிக்கு 40. என் பெயரில் பங்கு எதுவும் இல்லை. ஆனால் பல வருடம் சம்பளமே வாங்காமல் கணக்கு எழுதியவள் நான். ‘போன வருட லாபம் வெறும் 6 லட்சம், பேலன்ஸ் ஷீட்டில் நிகர மதிப்பு 30 லட்சம், இதில் உனக்கு என்ன வந்துவிடும்?’ என்கிறார். அந்த 30 லட்சத்தில் பாதிதான் எனக்கா?

பதில்: அந்த 30 லட்சத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பேலன்ஸ் ஷீட்டில் சொத்துகள் பெரும்பாலும் வாங்கிய விலையில் தேய்மானம் கழித்துத்தான் நிற்கும். இடம் வாங்கியிருந்தால் அது வாங்கிய நாள் விலையிலேயே உட்கார்ந்திருக்கும். பத்து வருட மெஷின் கணக்கில் கிட்டத்தட்ட பூஜ்யம், ஷெட்டில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். வருடா வருடம் ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் அந்தத் தாளில் எங்குமே இருக்க மாட்டார்கள். அதே சமயம், இனி வசூலாகவே வாய்ப்பில்லாத பாக்கியும் அதில் நல்ல சொத்து மாதிரி நிற்கும். ஆகவே உண்மை மதிப்பு 30-க்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். இன்னொன்று: அந்த எண்ணையே ஏற்றுக்கொண்டாலும் கணவருடையது அதில் 60 சதவீதம், அதாவது 18 லட்சம்தான். தம்பியின் பங்கு உங்கள் வழக்குக்குள் வராது.

‘பாதி’ என்பது அடுத்த விஷயம். எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் விவாகரத்து என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்துத்தான் எல்லாமே. கலிபோர்னியாவில் திருமண காலத்தில் சம்பாதித்தது இருவருக்கும் சரிபாதி. கனடாவின் ஒன்டாரியோவில் கம்பெனியைப் பிரிப்பதில்லை. திருமண நாளுக்கும் பிரிந்த நாளுக்கும் இடையே ஒவ்வொருவரின் நிகர சொத்து எவ்வளவு கூடியது என்று பார்த்து, வித்தியாசத்தில் பாதியைப் பணமாகக் கொடுக்க வைக்கிறார்கள். இங்கிலாந்தில் 2000-இல் வந்த ஒயிட் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு சமபங்கு ஓர் அளவுகோல், ஆனால் கட்டாய விதி அல்ல. சிங்கப்பூரில் திருமணத்துக்கு முன்பே இருந்த சொத்தைக்கூட, மற்றவரோ இருவரும் சேர்ந்தோ திருமண காலத்தில் கணிசமாக வளர்த்திருந்தால், பிரிவினைக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் தருகிறது. அங்கே நீங்கள் எழுதிய கணக்குப் புத்தகங்களே சாட்சி பேசும். இந்தியாவில் கோவா தவிர, தம்பதியின் சொத்தைப் பங்கு போடும் பொதுச் சட்டம் இல்லை. அங்கே கம்பெனியின் மதிப்பு ஜீவனாம்சத் தொகையை நிர்ணயிக்கவே முக்கியமாகப் பயன்படும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. கணவரின் கம்பெனி வருமானத்தைக் கேள்வி கேட்க அது நல்ல பிடி.

சட்டம் எதுவானாலும், மதிப்பீட்டாளரின் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஓடுகிற கம்பெனியின் விலை அது சம்பாதிக்கும் திறனில் இருக்கிறது. அதைக் காண, கணக்கில் காட்டிய லாபத்தை எடுத்து, உரிமையாளரின் சொந்த வசதிக்காகச் செய்த செலவுகளையெல்லாம் பிரித்து வைத்துவிட்டு, வேறு யாராவது நடத்தினால் என்ன மிஞ்சும் என்று பார்ப்பார்கள். உண்மையான சண்டை நடக்கும் இடம் இதுதான். பாதியா, மூன்றில் ஒரு பங்கா என்று வக்கீல்கள் வாதாடுவதைவிட, லாபம் 6-ஆ 20-ஆ என்பதில்தான் பணம் அதிகம் கைமாறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 6 லட்சம் நீங்கள் சொன்னது, மற்ற எண்கள் என் கற்பனை. கணவர் சம்பளமாக எடுப்பது 24 லட்சம், அதே வேலைக்கு வெளி ஆள் ஒரு மேனேஜரை வைத்தால் 15 போதும் என்றால், 9 லட்சத்தை லாபத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆபீஸ் பக்கமே வராத உறவினருக்குப் போகும் சம்பளம் 6. வீட்டுக் கார், போன், குடும்பச் சுற்றுலா என்று கம்பெனி கணக்கில் எழுதியது 4. ஷெட் மாமியார் பெயரில் இருந்து, சந்தை வாடகையைவிட 3 லட்சம் அதிகம் போகிறது என்றால் அதுவும் திரும்ப வரும். இதுவரை 28 லட்சம். இனி கழிக்க வேண்டியவை. போன வருடம் இன்சூரன்ஸில் ஒரே ஒரு முறை கிடைத்த 2 லட்சம் தொடர்ந்து வராது, அது போகும். அப்புறம் நீங்கள் எழுதிய கணக்கு. உங்கள் இடத்தில் ஒருவரை வைத்தால் 5 லட்சம் செலவாகும் என்றால் அதையும் கழிக்கத்தான் வேண்டும். உங்கள் உழைப்பே மதிப்பைக் குறைப்பது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இதை மறைத்து ஓர் அறிக்கை தயாரித்தால் எதிர்த்தரப்பு நிபுணர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார், மற்ற எண்களின் மீதும் நம்பிக்கை போகும். ஆக, 6 என்று சொன்ன லாபம் 21 ஆகிறது.

ஒரே ஒரு வருடத்தை வைத்து இப்படிச் செய்யக் கூடாது. பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடக் கணக்கைப் பார்ப்பார்கள். விவாகரத்துப் பேச்சு தொடங்கிய வருடத்தில் மட்டும் விற்பனை சரிவதும், பில் போடாமல் ஆர்டர்கள் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போவதும் இப்படிப்பட்ட வழக்குகளில் பழகிப்போன காட்சி.

அடுத்து, 21 லட்சத்தை எத்தனையால் பெருக்குவது? ரிஸ்க்கைப் பொறுத்தது. இப்படி ஒரு சின்னக் கம்பெனியில் பணம் போடுபவர் வருடத்துக்கு 20 சதவீத வருமானம் எதிர்பார்ப்பார் என்றால் 5 மடங்கு (100-ஐ 20-ஆல் வகுத்தால் 5), அதாவது 105 லட்சம். 25 சதவீதம் என்றால் 4 மடங்கு, 84 லட்சம். வரியையும் வளர்ச்சியையும் நான் இங்கே விட்டுவிட்டேன், நிபுணர் விடமாட்டார். தொழிலுக்குத் தேவைப்படாத காலி மனை, சும்மா கிடக்கும் வைப்புத்தொகை இருந்தால் இதற்கு மேல் தனியாகச் சேரும். பாதி விற்பனை ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் மடங்கு குறையத்தான் செய்யும், அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை.

நல்லெண்ண மதிப்பு (goodwill), அதாவது பெயருக்காகவும் பழக்கத்துக்காகவும் வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப வருவதன் மதிப்பு, பற்றியும் வாதம் வரும். ‘எல்லாம் என் முகத்துக்காக வரும் ஆர்டர், நான் இல்லாவிட்டால் கம்பெனியே இல்லை’ என்பார் கணவர். தனி மனிதரோடு ஒட்டிய நல்லெண்ணத்தைப் பிரிவினைக்குள் சேர்க்கலாமா என்பதில் அமெரிக்க மாநிலங்களே ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. டாக்டர், வக்கீல் மாதிரித் தொழில்களில் இது பெரிய தொகை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவ்வளவு எடுபடாது. அவர் ஊரில் இல்லாத மாதங்களில் விற்பனை எப்படி இருந்தது என்ற பதிவே போதும்.

105 லட்சத்தில் 60 சதவீதம் 63 லட்சம். பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனிப் பங்கை நினைத்த நாளில் விற்க முடியாது என்பதற்காக இதில் தள்ளுபடி கேட்பார்கள். நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் இதில் வேறுபாடு உண்டு. அவர் விற்கப்போவதே இல்லை, தொடர்ந்து நடத்தப்போகிறார் என்றால் தள்ளுபடி எதற்கு என்பது உங்கள் தரப்பின் கேள்வி. 60 சதவீதம் கட்டுப்பாட்டைத் தரும் பங்கு, எனவே சிறுபான்மைப் பங்குதாரருக்கான தள்ளுபடி கேட்க அவருக்கு இடமில்லை.

திருமணத்துக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு என்ன செய்வது? இங்கிலாந்தில் மார்ட்டின் வழக்கில் (2018) காலத்தை வைத்தே நேராகப் பிரித்தார்கள். அந்த வழியில் போனால் உங்களுக்கு 17-இல் 3 பங்கு, ஏறக்குறைய 11 லட்சம், வெளியே போகும். மிச்சம் 52, சரிபாதி என்றால் 26 லட்சம். கலிபோர்னியாவில் இரண்டு பழைய தீர்ப்புகள் உண்டு. பெரேரா வழக்கு (1909) முன்பு போட்ட முதலுக்கு நியாயமான வட்டி கொடுத்துவிட்டு மீதி வளர்ச்சியை இருவருக்கும் பொதுவாக்குகிறது. வான் கேம்ப் வழக்கு (1921) உழைத்தவரின் நியாயமான சம்பளத்தில் குடும்பச் செலவு போக மிஞ்சுவதை மட்டும் பொதுவாக்கிவிட்டு மற்றதை அவருக்கே விடுகிறது. உழைப்பால் வளர்ந்த தொழிலுக்கு முதலாவது, முதலாலும் சந்தையாலும் வளர்ந்ததற்கு இரண்டாவது பொருந்தும். சிறியதாக ஆரம்பித்தது என்று நீங்கள் சொல்வதால், திருமண நாளில் அதன் அளவு என்ன என்பதைக் காட்டும் பழைய கணக்குகளைத் தேடி எடுங்கள்.

எந்தத் தேதியில் மதிப்பிடுவது என்பதையும் வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள்: பிரிந்த நாளா, மனு போட்ட நாளா, விசாரணை நாளா. நாட்டுக்கு நாடு மாறும்.

ஆவணங்களில் பலர் மறப்பது வங்கிக் கடன் விண்ணப்பம். வரித்துறையிடம் ஏழையாக இருக்கும் கம்பெனி, கடன் கேட்கும்போது வங்கியிடம் செழிப்பாக இருக்கும். இருப்பு விவரம், அடுத்த வருட விற்பனை மதிப்பீடு, சொத்து மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் அவர் கையெழுத்தோடு அங்கே கிடைக்கும். வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளப் பட்டியல், பங்குதாரர் ஒப்பந்தம் ஆகியவற்றையும் நீதிமன்றம் வழியாகக் கேட்கலாம். நீங்கள் கணக்கு எழுதிய காலத்தில் முறையாக உங்களிடம் இருந்த நகல்கள் சரி. இப்போது அவருடைய மெயிலுக்குள் புகுந்து எடுக்காதீர்கள். வழக்கையே திருப்பிவிடும்.

கம்பெனியையே விற்றுப் பங்கு போடுவது கடைசி வழி. விவாகரத்துக்காக அவசரத்தில் விற்றால் இருவருக்கும் நஷ்டம், தம்பியும் விடமாட்டார். வழக்கமாக அவர் கம்பெனியை வைத்துக்கொள்வார், உங்களுக்கு வீடோ ரொக்கமோ தவணையோ வரும். தவணை என்றால் வட்டி, அடமானம், தவறினால் மொத்தமும் உடனே என்ற நிபந்தனை மூன்றும் எழுத்தில் வேண்டும். ஓரிரு வருடத்துக்குள் கம்பெனியை அதிக விலைக்கு விற்றால் உங்களுக்கும் ஒரு பகுதி என்ற நிபந்தனையையும் கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: அதே லாபத்தைப் பெருக்கி மதிப்பில் பங்கும் வாங்கி, அதே லாபத்தைக் காட்டி மாதாமாதம் ஜீவனாம்சமும் கேட்டால், ஒரே வருமானத்தை இரண்டு முறை எண்ணுகிறீர்கள் என்று எதிர்வாதம் வரும். பல இடங்களில் அதற்கு மதிப்பும் உண்டு.

கடைசியாக ஒன்றைச் சரிபாருங்கள். கம்பெனி கடனுக்கு நீங்கள் எங்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? கணக்குப் பார்த்த மனைவியிடம் வங்கி பெரும்பாலும் கையெழுத்து வாங்கியிருக்கும். ‘இனி கடன் அவர் பொறுப்பு’ என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதினாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாவிட்டால் உங்களைத்தான் துரத்துவார்கள். உங்களை ஜாமீனிலிருந்து விடுவித்து வங்கி தரும் கடிதம் கைக்கு வரும்வரை எந்த சமரச ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.